வரப்பு இல்லாத கணக்கு

போன மாதம் ஒரு பட்டா நகல் வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் பேத்தி வயது இருக்கும்.

"மாவட்டம் சொல்லுங்க ஐயா."

"தஞ்சாவூர்."

"வட்டம்?"

"திருவையாறு."

கிராமம் கேட்டாள், சொன்னேன். சர்வே நம்பர் கேட்டாள், சொன்னேன். கடைசியில் உட்பிரிவு. ஒவ்வொன்றையும் சொன்ன பிறகுதான் திரையில் அடுத்த பெட்டி திறந்தது. மாவட்டத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் கிராமம், கிராமத்துக்குள் புலம், புலத்துக்குள் உட்பிரிவு. கல்யாணச் சீரில் வைப்பார்களே எவர்சில்வர் அடுக்கு, ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்திருக்குமே, அதைப் போல.

நகலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சுமார் 40 வருடங்களுக்கு முன்னால் இதே அடுக்கை நான் கம்ப்யூட்டரில் கட்டியிருக்கிறேன். கட்டிவிட்டு ஒரு தப்பும் செய்திருக்கிறேன். அந்தத் தப்பைக் கண்டுபிடித்தவர் கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்திராத என் அப்பா. அந்தக் கதையை இதுவரை இங்கே எழுதியதில்லை.

அப்பா திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கர்ணமாக இருந்தவர். எங்கள் பக்கத்துப் பேச்சில் கணக்குப்பிள்ளை. தாத்தாவும் கணக்குப்பிள்ளைதான். அடங்கல், சிட்டா எல்லாம் எங்கள் வீட்டு மர அலமாரியில்தான் இருக்கும். 1980 நவம்பரில் அவசரச் சட்டம் வந்து பரம்பரை மணியம், கர்ணம் பதவிகள் எல்லாம் ஒரே நாளில் ஒழிந்தன. பிறகு தேர்வு எழுதி கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஒரு பதவி பிறப்பால் வரக்கூடாது என்பதுதான் அன்றும் என் எண்ணம், இன்றும் அதே. ஆனால் அப்பா கணக்குகளைக் கட்டி ஒப்படைத்துவிட்டு வந்து, காலி அலமாரியின் கதவைச் சாத்தி, சாவியை மட்டும் இடுப்பிலேயே செருகி வைத்திருந்தார். அந்தச் சாவியால் இனி திறக்க ஒன்றும் இல்லை என்று சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை.

எனக்கு 1984-ல் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. வெளியாரின் கணக்குகளை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் ஒரு சின்ன நிறுவனம். அங்கே நான் கற்றுக்கொண்டது 'சி' என்னும் மொழி. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அவரும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து 1978-ல் எழுதிய மெல்லிய புத்தகம்தான் எங்களுக்கு வேதம். நாலு பேருக்கு ஒரு பிரதி, அதுவும் ஜெராக்ஸ்.

1985 கடைசியில் டெல்டாவில் நிலங்கள் உள்ள ஒரு தர்ம ஸ்தாபனத்தின் குத்தகைக் கணக்கு எங்களிடம் வந்தது. தஞ்சாவூர்க்காரன் என்பதால் என் தலையில் கட்டினார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை. அப்பா பேனாவில் செய்ததை நான் மெஷினில் செய்யப்போகிறேன் என்ற பெருமை.

கணக்கின் அமைப்பு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வட்டம், அதற்குள் கிராமங்கள், அதற்குள் புலங்கள், அதற்குள் உட்பிரிவுகள். ஒவ்வொரு படியிலும் அதே தலைப்புகள்தான்: எண், பெயர், பரப்பு, முதல் போகக் குத்தகை, இரண்டாம் போகக் குத்தகை. ஒவ்வொரு படிக்கும் இதையே திரும்பத் திரும்ப எழுத எனக்குச் சோம்பல். சி மொழியில் அதற்கு ஒரு வசதி உண்டு. மேக்ரோ என்பார்கள்.

மேக்ரோ என்றால் சுருக்கக் குறி. தானிய வியாபாரி நீளமான பெயரை எழுதாமல் ஒரு குறி போட்டுவைப்பாரே, அந்த மாதிரி. 'இந்தக் குறி வந்தால் இன்ன எழுத்தைப் போட்டுக்கொள்' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவோம். கம்ப்யூட்டர் வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு குமாஸ்தா வந்து, குறி இருக்கும் இடமெல்லாம் அந்த எழுத்தை அப்படியே ஒட்டிவிட்டுப் போவார். அர்த்தம் பார்க்க மாட்டார். கணக்குத் தெரியாது. வெட்டி ஒட்டுவது மட்டும்தான் அவர் வேலை.

நான் 'அடுக்கு' என்று ஒரு குறி வைத்தேன். அப்போது ஆங்கில எழுத்தில் எழுதியதைத் தமிழில் காட்டுகிறேன்:

அடுக்கு(புலம், உட்பிரிவு, 20)
அடுக்கு(கிராமம், புலம், 300)
அடுக்கு(வட்டம், கிராமம், 40)

முதல் வரிக்கு அர்த்தம் இது: 'புலம் என்று ஒரு பாத்திரம் செய். அதில் வழக்கமான ஐந்து தலைப்புகளும் இருக்கட்டும். அதற்குள் உட்பிரிவு என்ற பாத்திரம் 20 வரை வைக்க இடம் விடு.' மற்ற இரண்டு வரிக்கும் அதேதான். ஆக உள்ளே இருக்கும் உட்பிரிவை மட்டும் கையால் எழுதினேன். மற்றதெல்லாம் வரிக்கு ஒரு பாத்திரமாக முளைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. கணக்குப்பிள்ளை எழுதும்போது வெளியிலிருந்து உள்ளே போவார். ஜில்லா, தாலுகா, கிராமம், புலம். பெரிய கோயில் கல்வெட்டிலும் அப்படித்தான், வளநாடு முதலில், கூற்றம் அடுத்து, ஊர் கடைசியில். சி மொழியில் தலைகீழ். உள்ளே இருக்கும் பாத்திரத்தை முதலில் செய்து காட்டினால்தான் அதை வைக்கும் வெளிப் பாத்திரத்தைச் செய்ய விடும். ஒரு விதத்தில் அதுவும் நியாயம்தான். பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது. பிறகு திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை. வெளிப் பாத்திரத்தின் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. உள்ளே இருக்கும் வயல் நகரவில்லை.

அடுக்கு நன்றாகவே வேலை செய்தது. தப்பு நடந்தது பக்கத்தில் வைத்த இன்னொரு சின்னக் குறியில்.

அந்த ஸ்தாபனத்தின் நிலங்களில் பெரும்பகுதி மூன்று கட்டளைகளுக்குப் பொது. குத்தகைக்காரர் கொடுக்கும் நெல்லை மூன்றாகப் பிரித்து, கட்டளைக்கு ஒன்றாக மூன்று சீட்டு அனுப்ப வேண்டும். நான் இப்படி ஒரு குறி வைத்தேன். 'மொத்தம்' என்று வந்தால்,

முதல்போகம் + இரண்டாம்போகம்

என்று போட்டுக்கொள். பிறகு சீட்டு அடிக்கும் இடத்தில்,

பங்கு = மொத்தம் / 3

என்று எழுதினேன். படித்தால் எவ்வளவு அழகாக இருக்கிறது! சரி பார்க்க ஒரு கிராமத்தின் கணக்கை முழுதும் ஏற்றி அடித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. முழுக் கணக்கையும் ஓட்டிவிட்டோம். சீட்டுகள் அச்சாகிக் கட்டுக் கட்டாக இருந்தன. பொங்கல் விடுமுறை முடிந்ததும் தபாலில் போட வேண்டியதுதான் பாக்கி.

1986 பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அந்த அச்சுக் காகிதத்தில் ஒரு கட்டைக் கையோடு கொண்டுவந்தேன். ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்ட, மடித்து மடித்து வரும் நீளக் காகிதம். அப்பாவிடம் காட்டத்தான். வேறு காரணம் இல்லை. எங்கள் ஊரும் அடுத்த இரண்டு ஊரும் அதில் இருந்தன.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். பென்சில் கேட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. பதவி போன பிறகு அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் மாட்டுப் பொங்கல். காலையில் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த மூணு மா யாருதுன்னு தெரியுமா?"

"பேரு அதுலயே இருக்கேப்பா."

"பேரு இருக்கு. ஆளைத் தெரியுமான்னு கேட்டேன். புருஷன் போனப்புறம் தனியா நின்னு சாகுபடி பண்ற பொம்பளை. இந்த நிலம் அம்பத்தோரு கலம் குத்தகை கண்டதே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. "கம்ப்யூட்டர் போட்ட கணக்குப்பா. அதுல தப்பு வராது. உங்களுக்குத் தெரிஞ்ச ரேட்டு பழசா இருக்கும்" என்றேன். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அவர் கோபப்படவில்லை. "ரேட்டு பழசாவே இருக்கட்டும். உன் காகிதத்துலயே முதல் போகம் பன்னண்டு கலம், ரெண்டாம் போகம் பதினஞ்சு கலம்னு போட்டிருக்கு. ஆக இருபத்தேழு. மூணு கட்டளைக்கும் தலைக்குப் பதினேழுன்னு போட்டிருக்கு. மூணு பதினேழு அம்பத்தொண்ணு. பிரிச்ச பங்கெல்லாம் சேர்ந்தா முழுசை விடப் பெருசா ஆயிடுமா?"

பென்சிலை வாங்கி நானே போட்டுப் பார்த்தேன். 27-ஐ மூன்றால் வகுத்தால் 9. பதினேழு எங்கிருந்து வந்தது? ஐந்து நிமிடம் பேந்தப் பேந்த விழித்தேன். பிறகு தெரிந்தது.

குமாஸ்தா 'மொத்தம்' என்ற குறியை எடுத்துவிட்டு எழுத்தை அப்படியே ஒட்டியிருக்கிறார்:

பங்கு = முதல்போகம் + இரண்டாம்போகம் / 3

கணக்கு விதிப்படி வகுத்தல் முதலில், கூட்டல் பிறகு. ஆகவே இரண்டாம் போகத்தின் 15 மட்டும் மூன்றால் வகுபட்டு 5 ஆனது. முதல் போகத்தின் 12 அப்படியே நின்றது. 12-ம் 5-ம் 17. இரண்டையும் சேர்த்து ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் இந்த வினையே இல்லை. மேக்ரோவில் அடைப்புக்குறி போடாவிட்டால் என்ன ஆகும் என்று அந்தக் கெர்னிகன் ரிட்சி புத்தகத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. படித்தவன்தான் நான்.

சரி பார்த்தபோது ஏன் தெரியவில்லை? நான் சோதனைக்கு எடுத்தது கடைமடைக் கிராமம். அங்கே சம்பா ஒரு போகம்தான். அதை இரண்டாம் போகக் கட்டத்தில் ஏற்றியிருந்தேன். முதல் போகம் எல்லாருக்கும் பூஜ்யம். பூஜ்யம் வகுபட்டாலும் படாவிட்டாலும் ஒன்றுதான். குறுவை, தாளடி என்று இரண்டு போகம் விளையும் எங்கள் திருவையாற்றுப் பக்கம் வந்ததும் குட்டு வெளிப்பட்டது.

அப்பாவிடம் விளக்கினேன். குறி, குமாஸ்தா, ஒட்டுவது எல்லாவற்றையும். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுல புதுசு என்ன இருக்கு? கீழ்க்கணக்கு மாதிரிதானே?"

அதுவரை நான் கீழ்க்கணக்கு என்ற சொல்லைக் கேட்டதில்லை. அன்றுதான் சொல்லிக்கொடுத்தார். நம் பழைய பின்னத்தில் கடைசி முந்திரி, அதாவது 320-ல் ஒன்று. அதற்கு மேலே அரைக்காணி 160-ல் ஒன்று, காணி 80-ல் ஒன்று, மா 20-ல் ஒன்று, மாகாணி 16-ல் ஒன்று, அரைக்கால், கால், அரை, முக்கால். அவர் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியில் பாடம் பண்ணியது. வேலியில் 20-ல் ஒன்று மா என்பதால்தான் வயலுக்கும் மா என்று பெயர் நின்றது. முந்திரிக்கும் கீழே ஒரு பின்னம் வந்தால் என்ன செய்வது? புதிதாகப் பெயர் கண்டுபிடிக்க வேண்டாம். 'கீழ்' என்று ஒரு சொல் போட்டுவிட்டு அதே வாய்பாட்டை மறுபடி ஆரம்பிக்கலாம். 'கீழ் அரை' என்றால் முந்திரியில் பாதி. 'கீழ் முந்திரி' என்றால் முந்திரியிலும் 320-ல் ஒன்று, அதாவது 1,02,400-ல் ஒன்று. அதற்கும் கீழே போக வேண்டுமானால் இன்னொரு கீழ்.

ஒரே வாய்பாடு, அதற்குள் அதே வாய்பாடு, அதற்குள்ளும் அதே. நான் 'அடுக்கு' என்று குறி வைத்துப் பெருமைப்பட்டது இதைத்தான்.

"ஆனா ஒண்ணு தம்பி," என்றார். "கீழ்னு போட்டா, அதுக்குப் பின்னாடி வர்றதெல்லாம் முந்திரிக்குள்ள. அடுத்த கீழ் வர்ற வரைக்கும் உள்ளதான். எது உள்ள, எது வெளியன்னு படிக்கிறவனுக்குச் சந்தேகம் வராது. நீ போட்ட மொத்தத்துக்கு வரப்பு எங்க? வரப்பு இல்லாம ரெண்டு வயலைச் சேர்த்துப் பேரு மட்டும் வச்சா, தண்ணி அவன் பாட்டுக்குப் பக்கத்து வயலுக்குத்தான் போவான்."

சொல்லிக்கொண்டே காகிதத்தில் 12-ஐயும் 15-ஐயும் சேர்த்துப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டார். அடைப்புக்குறி அவருக்குப் பள்ளியில் பழக்கமில்லை. வரப்பு பழக்கம்.

அன்று ராத்திரியே திருவள்ளுவர் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனேன். காலையில் ஆபீஸ் திறக்கும்போது வாசலில் நின்றேன். என் தவறுதான் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். நல்ல மனிதர், திட்டினார், பிறகு டீ வாங்கிக்கொடுத்தார். அடைப்புக்குறி இரண்டு போட அரை நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாச் சீட்டையும் மறுபடி அடிக்க இரண்டு ராத்திரி ஆயிற்று. 27 கலம் கொடுக்க வேண்டிய அந்த அம்மாவுக்கு 51 கலத்துக்குச் சீட்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஸ்தாபனத்துக்குப் போய்க் கேட்டிருப்பார். 'கம்ப்யூட்டர் கணக்கும்மா, தப்பு வராது' என்று என்னைப் போல் ஒருவன் சொல்லியிருப்பான். நான் சொந்த அப்பாவிடமே சொன்ன வார்த்தைதானே.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, சரியான சீட்டுகள் போய்விட்டன என்று அப்பாவிடம் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான். நானும் அதற்கு மேல் பேசவில்லை. எங்கள் தலைமுறையில் அப்பாவுக்கு நன்றி சொல்லும் பழக்கம் ஏது? ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் ஏதாவது ஒரு அச்சுக் காகிதத்தைக் கொண்டுபோய்த் திண்ணையில் வைப்பேன். சில சமயம் தேவையே இல்லாமல். அவரும் பென்சில் கேட்பார். தப்பு இல்லாவிட்டால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும் அவருக்கு. 1994-ல் காலமாகும் வரை இது நடந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியைப் புரட்டிப் பார்த்தேன். பெரிய கோயில் கல்வெட்டுகள் அடங்கிய தொகுதி. ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நில அளவு அதில் வருகிறது. இத்தனை வேலி, இத்தனை மா, காணி, முந்திரிகை, அதன் கீழ் இத்தனை, அதற்கும் கீழ் இத்தனை என்று ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கல்லில் அப்பா சொன்ன அதே கீழ்! நம் பக்கத்து 12 அடிக் கோல் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அப்படியானால் வேலியில் முந்திரி 900 சதுர அடி. கீழ் முந்திரி மூன்று சதுர அடிக்கும் குறைவு. இன்னொரு கீழ் போனால் ஒன்றேகால் சதுர அங்குலம்தான். அவ்வளவு சின்ன இடத்தைக் கோலால் யாரும் அளந்திருக்க முடியாது. கழித்தும் பங்கிட்டும் கணக்குப் போடும்போது கடைசியில் விழுந்த மிச்சம் அது என்று நினைக்கிறேன். அதைக்கூட விட மனமில்லாமல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தை வாசித்தபோது அப்பாவிடம் கேட்க ஆயிரம் கேள்வி வந்தது. இரண்டு கீழுக்கு மேல் அவர் கணக்குப் போட்டதுண்டா? தாத்தா எந்தக் குறி எழுதுவார்? கேட்க வேண்டிய காலத்தில் நான் கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இ-சேவை மையத்திலிருந்து வந்த அன்று மாலை பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்த 1986 காகிதம் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, அச்சு மங்கிவிட்டது. பென்சில் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது: 12, 15, சுற்றிலும் ஒரு கட்டம். பக்கத்தில் அலமாரிச் சாவியும் கிடந்தது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய எண்சுவடியோ, கணக்கு நோட்டோ, குத்தகைச் சீட்டோ இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர் யாராவது இன்னும் இருந்தால், ஒரு மத்தியானம் பென்சிலோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.